வீட்டை விற்று மகனை அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் மகன் தொடக்கக்கல்லூரி முதலாம் ஆண்டில் படிக்கிறான். கணிதத்திலும் வேதியியலிலும் நல்ல தேர்ச்சி பெறுகிறான். நீர்ச் சுத்திகரிப்பு, சுற்றுச்சூழல் பொறியியல் பற்றி எந்நேரமும் எதையாவது படித்துக்கொண்டிருப்பான். உடன் படிப்பவர்களில் பலர் அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளுக்கு உயர்நிலை மூன்றிலிருந்தே தயாராகி வருவதாகக் கேள்விப்பட்டு, ஓர் ஆலோசனை நிறுவனத்தை அணுகினோம். 18,000 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார்கள். சிறு வயதிலிருந்து கற்றுவரும் மிருதங்கத்தை நிறுத்திவிட்டு, கட்டணம் செலுத்தி அமெரிக்காவில் ஒரு கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் சேர வேண்டும், ஓர் அறநிறுவனம் தொடங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 12,000 வெள்ளி அளவில் வரும். உட்லண்ட்ஸில் இருக்கும் ஐந்தறை வீட்டை விற்று மூவறை வீட்டுக்கு மாறினால் செலவைச் சமாளிக்கலாம் என்பது என் எண்ணம். மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். இங்கேயே படித்தால் என்ன குறை என்கிறார் கணவர். ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையையும் மகன் முடிக்க வேண்டும். போட்டி ஆண்டுக்காண்டு கடுமையாகிறது என்கிறார்களே, நாங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டோமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாமதிக்கவில்லை. தொடக்கக்கல்லூரி முதலாம் ஆண்டு மாணவருக்கு, அதிலும் தேசிய சேவை இனிமேல்தான் இருக்கிறது என்னும் மாணவருக்கு, போதிய காலம் இருக்கிறது. வீட்டை விற்க வேண்டாம், அந்த 18,000 வெள்ளியைக் கொடுக்க வேண்டாம், மிருதங்கம் தொடரட்டும் என்பது என் தெளிவான கருத்து. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வருமானத்தில் இருக்கும் ஒரு குடும்பம் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சேர்க்கை விழுக்காட்டைவிடப் பணமே அதிகமாக முடிவு செய்கிறது; அந்தக் கணக்கு பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. அதை விளக்க வேண்டும் என்பதற்காகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

போட்டி கடுமையாகியிருப்பது உண்மை. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஹார்வர்ட் கல்லூரிக்கு ஆண்டுதோறும் இருபதாயிரத்தை ஒட்டி விண்ணப்பங்கள் வந்துகொண்டிருந்தன. 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு இடம் வழங்கப்பட்டது. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 1990-களில் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துக்கொண்ட சிகாகோ பல்கலைக்கழகத்திலும் இன்று ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. இந்த எண்களைப் பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் கலக்கம் வருவது இயல்பு.

ஆனால் இந்த எண்கள் எப்படி உருவாயின என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 1975-இல் 15 தனியார் கல்லூரிகள் கூடித் தொடங்கிய பொது விண்ணப்பப் படிவத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு மாணவர் அதன்வழி 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். 2020-இல் கொவிட் பரவியபோது எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்று பெரும்பாலான கல்லூரிகள் அறிவித்ததும், முன்பு தயங்கியிருக்கக்கூடியவர்களும் விண்ணப்பித்தார்கள். ஹார்வர்டின் விண்ணப்பங்கள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 40,000-இலிருந்து 57,000-ஆக உயர்ந்தன. இடங்கள் மட்டும் அவ்வாறு பெருகவில்லை. ஹார்வர்டின் முதலாம் ஆண்டு வகுப்பில் 1,650 பேர் அளவிலேயே சேர்கிறார்கள். 2017-இல் இரண்டு புதிய விடுதிக் கல்லூரிகளைத் திறந்து மாணவர் எண்ணிக்கையைக் கூட்டிய யேல் போன்றவை விதிவிலக்குகள். ஆக, திறமையுள்ள மாணவர்கள் திடீரென்று மும்மடங்காகிவிடவில்லை. ஒவ்வொரு மாணவரும் முன்பைவிட அதிகமான கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார். இடம் கிடைக்காதோ என்ற அச்சத்தால் விண்ணப்பங்கள் கூடுகின்றன, அதனால் விழுக்காடு குறைகிறது, குறைந்த விழுக்காட்டைப் பார்த்து அடுத்த ஆண்டு மாணவர்கள் இன்னும் அதிகமாக அஞ்சுகிறார்கள். இந்த விழுக்காட்டை ஒரு கல்லூரியின் கற்பித்தல் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்வது தவறு. உங்கள் மகனின் தகுதிக்கு அளவுகோலாகக் கொள்வது அதைவிடப் பெரிய தவறு.

அதே வேளையில் உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. சிங்கப்பூரிலிருந்து விண்ணப்பிப்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, வெளியிடப்படும் பொது விழுக்காட்டைவிடக் குறைவாகவே இருக்கும். பொறியியலுக்குப் பெயர்பெற்ற மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்ஐடியில், இளநிலை மாணவர்களில் வெளிநாட்டவர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அந்த இடங்களுக்கு உலகம் முழுவதும் போட்டியிடுகிறது. பல கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் தனிச் சலுகை உண்டு. பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தேர்வு மதிப்பெண் பெற்ற அமெரிக்க மாணவர்களுக்குள்ளேயே, வருமானத்தில் உச்சத்திலிருக்கும் ஒரு விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கும் மேலாக இந்தக் கல்லூரிகளில் சேர்கிறார்கள் என்று காட்டினார்கள். முன்னாள் மாணவர் குடும்பச் சலுகை, விளையாட்டுச் சேர்க்கை, படிப்புக்கு அப்பாற்பட்ட செயல்களுக்கு வழங்கப்படும் மதிப்பீடு ஆகிய மூன்றும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்பது அவர்கள் முடிவு. மூன்றாவது காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆலோசனை நிறுவனம் உங்களுக்கு விற்க முன்வருவது அதைத்தான். பணம் கொடுத்து அந்த மதிப்பீட்டை உயர்த்தும் பந்தயத்தில் இறங்கினால், உங்களைவிடப் பல மடங்கு பணம் உள்ளவர்களோடு நீங்கள் ஓட வேண்டியிருக்கும்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்த பகுதி இதுதான்.

அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 அமெரிக்க டாலர் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 117,000 வெள்ளி, நான்கு ஆண்டுக்கு 468,000 வெள்ளி. விமானச் செலவும் ஆண்டுதோறும் கூடும் கட்டணமும் இதற்கு மேல். உங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 144,000 வெள்ளி. பெரிய வீட்டுக்கும் சிறிய வீட்டுக்கும் உள்ள விலை வேறுபாடு, எஞ்சியிருக்கும் வீட்டுக் கடனையும் மத்திய சேம நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டியதையும் கழித்த பிறகு, இந்தத் தொகையை நெருங்க வாய்ப்பில்லை. மத்திய சேம நிதிச் சேமிப்பைக் கல்விக்காகக் கடனாக எடுக்கும் திட்டம் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் அந்த வழியும் இல்லை. மூவறை வீட்டில் மாமியாரும், தேர்வுக்குப் படிக்க வேண்டிய மகளும், நீங்கள் இருவரும் நெருக்கியடித்து இருந்துகொண்டு, நான்கு ஆண்டு கழித்து மகளின் படிப்புக்குக் கையில் எதுவும் இல்லாமல் நிற்பீர்கள். அண்ணனின் கல்லூரிக்காகத் தங்கையின் பங்கைச் செலவழிப்பது நம் குடும்பங்களில் பேசப்படாமலே நடந்துவிடும் ஒன்று. அதனால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் இந்த வீட்டில் சம உரிமை இருக்கிறது.

பெயர்பெற்ற கல்லூரிகள் எல்லாம் இந்த முழுத் தொகையை உங்களிடம் வாங்குவதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், பிரவுன், ஆமர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவராக இருந்தாலும், நிதியுதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலே இடம் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்கின்றன. இடம் கொடுத்தால், குடும்பத்தால் கட்ட முடியாத பகுதியை முழுமையாக ஏற்றுக்கொள்கின்றன. அந்த உதவி திருப்பிச் செலுத்த வேண்டிய கடனன்று. 2025-இல் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து, வழக்கமான அளவில் சொத்துள்ள, ஆண்டு வருமானம் 200,000 அமெரிக்க டாலரைத் தாண்டாத குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்று ஹார்வர்டும் எம்ஐடியும் அறிவித்திருக்கின்றன. உங்கள் வருமானத்தை டாலரில் மாற்றினால் 110,000 அளவில்தான் வரும். ஆகவே உங்கள் மகனுக்கு இத்தகைய ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தால், உங்கள் வீடு உங்களிடமே இருக்கும்.

கொலம்பியா, கார்னெல், டியூக், சிகாகோ, ஸ்டான்ஃபர்ட் போன்றவை வேறு வகை. வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால், இடம் கொடுப்பதா என்று முடிவெடுக்கும்போதே அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. உதவி கேட்பவருக்குப் போட்டி இன்னும் கடுமையாகிறது. உதவி வேண்டாம் என்று எழுதி உள்ளே நுழைந்துவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு அடுத்து வரும் ஆண்டுகளிலும் உதவி கிடையாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன.

ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் சேர்க்கை விழுக்காட்டைப் பார்த்துப் பட்டியல் போடுகின்றன. எட்டாத சில, எட்டக்கூடிய பல, உறுதியான ஒன்றிரண்டு என்று அடுக்குவார்கள். முழுக் கட்டணமும் கட்டக்கூடிய குடும்பத்துக்கு அந்த அடுக்கு பொருந்தும். உங்களுக்கு அது பொருந்தாது. எட்டக்கூடியவை என்று சொல்லப்படும் கல்லூரிகளில்தான் நீங்கள் ஏறத்தாழ முழுத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும், மிகக் கடினமானவை என்று ஒதுக்கப்படுபவையே உங்களால் கட்டக்கூடியவை. இதை ஒப்புக்கொண்டால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். உதவி கேட்பதைப் பாதகமாகக் கருதாத கல்லூரிகளில், சுற்றுச்சூழல் பொறியியலோ அதையொட்டிய துறையோ வலுவாக உள்ள நான்கைந்து போதும். அவற்றில் ஒன்றும் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம் என்பதையும் இப்போதே மகனிடம் சொல்லிவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே அதை அறிந்திருக்கும் பிள்ளைக்கு, பிறகு வரும் மறுப்பு அவ்வளவு காயம் தராது.

முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை. நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்து டிசம்பரில் முடிவைப் பெறும் வழியில் இரு வகை உண்டு. பிரவுன், டார்ட்மத், கொலம்பியா போன்றவற்றில், இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று மாணவரும் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். உதவித் தொகை போதவில்லை என்றால் விலகிக்கொள்ள வழியிருந்தாலும், பல கல்லூரிகள் தரும் உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை நீங்கள் இழக்கிறீர்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி ஆகியவற்றின் முன்கூட்டிய முறையில் அந்தக் கட்டாயம் இல்லை. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இரண்டாவது வகையே ஏற்றது.

வீட்டை விற்பது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிதியுதவியைக் கணக்கிடும்போது குடும்பம் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஹார்வர்ட் போன்ற சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்வதில்லை. அதை விற்றுக் கையில் ரொக்கமாக வைத்திருந்தால் அது கணக்கில் வரும். உங்களுக்குக் கிடைக்கும் உதவி குறையும். உதவி பெறுவதற்காகச் செய்ய நினைக்கும் தியாகமே உதவியைக் குறைத்துவிடும்.

மிருதங்கத்துக்கு வருவோம். பொது விண்ணப்பப் படிவத்தில், மாணவர் தம் செயல்பாடுகளை எழுதுவதற்குப் பத்துக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. அந்தப் படிவத்தை நாள்தோறும் டஜன் கணக்கில் படிக்கும் சேர்க்கை அதிகாரிக்கு, பதினாறு வயதில் திடீரென்று முளைத்த அறநிறுவனத்தையும் கட்டணம் வாங்கிக்கொண்டு யாரையும் சேர்த்துக்கொள்ளும் கோடைக்காலத் திட்டத்தையும் அடையாளம் காண அதிக நேரம் தேவைப்படாது. சிறு வயதிலிருந்து விடாமல் ஒரு குருவிடம் கற்று, தாளக் கணக்கின் நுட்பத்தை அறிந்து, கோயில் நிகழ்ச்சிகளிலும் பள்ளி மேடையிலும் மற்றவருக்குப் பக்கம் வாசித்துப் பழகிய பிள்ளையை அவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதற்காக மட்டும் அவர் மிருதங்கத்தைத் தொடர வேண்டும் என்று நான் சொன்னால், அந்த நிறுவனம் செய்யும் அதே தவற்றை நானும் செய்தவன் ஆவேன். எந்தக் கல்லூரியும் அவரை எடுத்துக்கொள்ளாவிட்டாலும் அந்தக் கலை அவருடையது. தேர்வுச் சுமை அழுத்தும் இந்த இரண்டு ஆண்டுகளில் அவருக்கு நிம்மதி தருவது எது என்று அவரையே கேட்டுப் பாருங்கள். நீரைப் பற்றிய ஆர்வமும் அப்படியே. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் உள்ள நாட்டில் வாழ்கிறார். நீர் ஆய்வுக்குப் பெயர்பெற்ற நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கேயே இருக்கிறது. தம் வேதியியல் ஆசிரியரிடம் பேசி, ஒரு சிறிய சோதனையைத் தாமே திட்டமிட்டுச் செய்து, அது சரிவராமல் போனால் ஏன் என்று ஆராய்வது, பணம் கட்டிச் சேரும் திட்டத்தைவிட அவருக்கு அதிகம் கற்றுத் தரும்.

அந்த 18,000 வெள்ளி பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. உங்கள் மகனின் தொடக்கக்கல்லூரியிலேயே கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகர் இருப்பார்; அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கும் பள்ளி அறிக்கையையும் ஆசிரியர் பரிந்துரைகளையும் பள்ளிதான் அனுப்புகிறது, எந்த வெளி நிறுவனமும் அன்று. கட்டுரையை அவர் சொந்தமாக எழுத வேண்டும். 650 சொற்களுக்குள் எழுதும் அந்தக் கட்டுரையை ஆங்கில ஆசிரியர் ஒருவர் படித்துக் கருத்துச் சொன்னால் போதும். இடம் வாங்கித் தருவதாக யாராவது உறுதி கூறினால், அந்த நொடியே எழுந்து வந்துவிடுங்கள். 2019-இல் அமெரிக்காவில் அம்பலமான சேர்க்கை ஊழலில், அத்தகைய உறுதிகளை நம்பிப் பணம் கொடுத்த பெற்றோர் சிறைக்குச் சென்றார்கள்.

தேசிய சேவையை இழப்பாகக் கருத வேண்டாம். சேர்க்கையைப் பொறுத்தவரை அது உங்கள் மகனுக்குக் கிடைத்துள்ள ஒரு வசதி. அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கமான விண்ணப்பத் தேதி ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஏ நிலைத் தேர்வு முடிவுகளோ பிப்ரவரி இறுதியில்தான் வெளிவருகின்றன. எனவே இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிக்கும் மாணவி, முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்களையும் ஆசிரியர்கள் கணிக்கும் தரங்களையும் கொண்டுதான் விண்ணப்பிக்க முடியும். ஏ நிலைத் தேர்வுக்குப் படிக்கும் அதே மாதங்களில் கட்டுரைகளையும் எழுத வேண்டியிருக்கும். தேசிய சேவையாற்றும் இளைஞர் உண்மையான முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்வுச் சுமை இல்லாமல், சேவை முடியும் ஆண்டுக்கு முந்திய ஆண்டின் இறுதியில் விண்ணப்பிக்கலாம். உங்கள் மகனுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். இரண்டாம் ஆண்டில் அவர் ஏ நிலைத் தேர்வில் மட்டும் கவனம் செலுத்தட்டும்.

இதற்கு இரண்டு முன்னேற்பாடுகள் தேவை. கல்லூரியை விட்டு வெளியேறும் முன், அவரை நன்கறிந்த இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் பற்றிப் பேசி வைக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் நினைவு மங்கியிருக்கும், ஆசிரியரே வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம். எஸ்ஏடி தேர்வை இந்த ஆண்டு இறுதி விடுமுறையிலோ, ஏ நிலைத் தேர்வு முடிந்து சேவைக்குச் செல்லும் முன்போ எழுதி முடித்துவிடலாம். எம்ஐடி 2022-இலும், டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை 2024-இலும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்துவிட்டன. கணிதத்தில் வலுவான சிங்கப்பூர் மாணவருக்கு இது நல்லதே.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தையும் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தேர்வு முடிவுகள் வந்ததும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் (என்யுஎஸ்) நன்யாங்குக்கும் விண்ணப்பித்தால், கிடைக்கும் இடம் தேசிய சேவை முடியும்வரை அவருக்காக ஒதுக்கி வைக்கப்படும். அந்த இடம் உறுதியாக இருக்கும்போது அமெரிக்க விண்ணப்பத்தை அவர் பதற்றமின்றி எழுத முடியும்.

உங்கள் கணவர் சொல்வதைத் தற்காப்புப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்விக் கட்டண மானியத்தோடு இங்கு ஒரு சிங்கப்பூரர் பொறியியல் படிக்க ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதே மாணவர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கல்லூரித் திட்டத்தின்வழி சிலிகான் பள்ளத்தாக்கில் ஒரு தொழில்முனைவு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம்; மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் அமெரிக்காவில் கழிக்கலாம். சிறு வகுப்பு, பல்துறைப் படிப்பு, விடுதி வாழ்க்கை என்று அமெரிக்கக் கல்லூரிகள் தருவதை இங்கேயே தருவதற்காக 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த யேல்-என்யுஎஸ் கல்லூரி 2025-இல் மூடப்பட்டதில் எனக்கு இன்றளவும் வருத்தமுண்டு. ஆயினும் 2022-இல் தொடங்கிய என்யுஎஸ் கல்லூரியில் அந்த அனுபவத்தின் ஒரு பகுதி கிடைக்கிறது. பொறியியல் மாணவர்களும் அதில் சேரலாம். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் வெளிநாடு செல்வது இன்னொரு வழி. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டணத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே ஏற்று, மாத உதவித் தொகையும் தருகிறது. நீர் ஆய்வில் ஈடுபட விரும்பும் பிள்ளைக்கு, இளநிலையில் எங்கே படித்தார் என்பதைவிட ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தார் என்பதே பின்னர் கேட்கப்படும்.

வருங்கால வருமானம் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குச் சென்ற மாணவர்கள், அங்கேயே சென்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே சம்பாதித்தார்கள் என்று கண்டார்கள்; மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரி கூடுதல் பயன் தந்தது. நான் முன்பு குறிப்பிட்ட 2023-ஆம் ஆண்டு ஆய்வு இதை ஓரளவு திருத்துகிறது. சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று அதுவும் சொல்கிறது. ஆனால் வருமானத்தின் உச்சிக்கும் சில பெரும் நிறுவனங்களுக்கும் செல்லும் வாய்ப்பை அந்தக் கல்லூரிகள் கணிசமாகக் கூட்டுகின்றன என்கிறது. இவை அமெரிக்க மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் மகன் சிங்கப்பூரில் பொறியாளராகப் பணியாற்ற விரும்பினால், 468,000 வெள்ளிச் செலவை அந்தப் பெயர் ஈடுகட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவிலேயே வேலை தேடும் எண்ணம் இருந்தால், 2025 மே மாதம் ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதையே அந்நாட்டு அரசாங்கம் தடுக்க முயன்றதையும், நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தி வைத்ததையும் மறந்துவிட வேண்டாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தடையற்ற வணிக உடன்பாட்டின்கீழ் ஆண்டுக்கு 5,400 வேலை விசாக்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருப்பது நமக்கு ஓர் அனுகூலம். எனினும், கடன் வாங்கிப் படித்துவிட்டு அங்கே வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்ற கணக்கை அடித்தளமாக வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளமும் அரசாங்க அமைப்புகள் தரும் உபகாரச் சம்பளங்களும் வெளிநாட்டுப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கும். அவற்றுக்குச் சேவை ஒப்பந்தம் உண்டு. படிப்பு முடிந்து பல ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். நீர்த்துறையில் பொதுப் பயனீட்டுக் கழகம் போன்ற ஓர் அமைப்பில் பணியாற்றுவது அவருக்கு உண்மையிலேயே விருப்பமானால், அந்த ஒப்பந்தம் சுமையாகாது. அந்த விருப்பம் இல்லாமல் கட்டணத்துக்காக மட்டும் அதை ஏற்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் உங்கள் கருத்து இருக்கிறது, கணவரின் கருத்து இருக்கிறது, நிறுவனத்தின் கருத்தும் இருக்கிறது. மகன் என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லை. அமெரிக்கா செல்ல அவர் ஆசைப்படுகிறாரா, அல்லது உடன் படிப்பவர்கள் எல்லாரும் போகிறார்கள் என்று நீங்கள் கவலைப்படுவதைப் பார்த்து அவர் பேசாமல் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியவில்லை. கணவரும் நீங்களும் முதலில் தனியாக அமர்ந்து, மகளுக்கு உரியதையும் உங்கள் முதுமைக்கு உரியதையும் ஒதுக்கி வைத்த பிறகு, மகனின் பட்டப்படிப்புக்கு மொத்தம் எவ்வளவு தர முடியும் என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அந்தத் தொகையை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கணக்கைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உண்டு. பிறகு, இந்தத் தொகைக்குள் எங்கே, என்ன படிக்க விரும்புகிறாய் என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை இடைமறிக்காமல் கேளுங்கள். அவர் தாமே ஒரு பட்டியல் தயாரித்து, ஜூன் விடுமுறைக்கு முன் கல்லூரி ஆலோசகரைச் சந்திக்கட்டும். அந்தச் சந்திப்புக்கு அவர் அழைத்தால் மட்டும் நீங்கள் உடன் செல்லுங்கள்.